அரைத்தாள் கணக்கு

எட்டு வருடமாக மென்பொருள் சோதனை வேலையில் இருக்கிறேன். அடுத்தவர் எழுதிய நிரலில் குற்றம் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கும் பிழைப்பு. பிப்ரவரி 29-ஆம் தேதி பிறந்தவர் விண்ணப்பித்தால் இந்தப் படிவம் என்ன செய்யும் என்பது மாதிரியான கேள்விகள் தூக்கத்தில்கூட வரும். போன வருடம் ஒருநாள், பழைய பிழை அறிக்கைகளை ஓர் அட்டவணையில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்தப் பகுதியில் பிழை அதிகம், வெளியீட்டுக்கு எத்தனை நாள் முன்னால் அதிகம் என்று. நிமிர்ந்து பார்த்தால் மூன்று மணி நேரம் போயிருந்தது. பிழைகளைவிட அவற்றின் கணக்கு எனக்குப் பிடித்திருந்தது. அன்றிலிருந்து மண்டைக்குள் ஒரு வண்டு: புள்ளியியல் படித்தால் என்ன?

வயது 32. வேலையை விட்டுவிட்டு இரண்டு வருட முழுநேர முதுகலை. அல்லது வேலையில் இருந்தபடியே பகுதிநேரம். அல்லது சோதனைத் துறையிலேயே சான்றிதழ்த் தேர்வுகளை எழுதி, குழுத் தலைவர், மேலாளர் என்று ஏறுவது. அல்லது சும்மா இருப்பது. இந்தக் கடைசி வழியை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் நம்மில் பாதிப்பேர் அதைத்தான் தேர்ந்தெடுக்கிறோம்.

முதலில் ஒரு கல்வி ஆலோசனை நிறுவனத்துக்குப் போனேன். இருபது நிமிடத்தில் நான்கு பல்கலைக்கழகங்களைக் கைகாட்டிவிட்டார்கள். நான் இப்போது என்ன வேலை செய்கிறேன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாணவரைச் சேர்த்துவிடுவதற்காகக் கல்லூரிகளிடமிருந்து இப்படிப்பட்ட நிறுவனங்கள் பலவற்றுக்குக் கமிஷன் போகும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. ஆலோசனை ஏன் இலவசம் என்பதும் அப்போதுதான் புரிந்தது.

சரி, நாமே உட்கார்ந்து யோசிப்போம் என்று பெஞ்சமின் ஃபிராங்க்ளின் சொன்ன பழைய முறையைக் கையில் எடுத்தேன். 1772-இல் ஆங்கிலேய விஞ்ஞானியும் போதகருமான ஜோசப் பிரீஸ்ட்லிக்கு ஒரு வேலை வாய்ப்பு வந்தது. ஷெல்பர்ன் பிரபுவிடம் சேர்வதா, இருக்கும் போதகர் பணியிலேயே தொடர்வதா என்று குழம்பி, அவர் ஃபிராங்க்ளினிடம் யோசனை கேட்டார். என்ன முடிவெடுப்பது என்று சொல்ல முடியாது, எப்படி எடுப்பது என்று வேண்டுமானால் சொல்கிறேன் என்று பதில் வந்தது. அரைத்தாளின் நடுவில் ஒரு கோடு போட வேண்டும். ஒரு பக்கம் சாதகம், மறுபக்கம் பாதகம். மூன்று நான்கு நாள், தோன்றத் தோன்ற எழுத வேண்டும். பிறகு, எடை சமமாகத் தெரிகிறவற்றை இரண்டு பக்கமும் அடித்துக்கொண்டே வந்தால் மிச்சம் எந்தப் பக்கம் என்று தெரியும்.

நான்கு நாள் எழுதினேன். முழுநேரப் படிப்பின் பாதகத்தில் முதல் வரி பணம்தான். எல்லாரும் கல்விக் கட்டணத்தைப் பற்றியே பேசுகிறார்கள். வராமல் போகும் 24 மாதச் சம்பளத்தை யாரும் பேசுவதில்லை. என் கணக்கில் அதுதான் கட்டணத்தைவிடப் பெரிய தொகை. நான்காம் நாள் பார்த்தால் "பயம்" என்ற சொல் இரண்டு பக்கமும் இருந்தது. ஒரு பக்கம் போவதற்குப் பயம், இன்னொரு பக்கம் இங்கேயே இருந்துவிடுவோமோ என்ற பயம். விதிப்படி இரண்டையும் அடித்தேன். கொஞ்சம் நிம்மதியாகத்தான் இருந்தது.

ஆனால் இந்த முறையில் ஓர் ஓட்டை இருக்கிறது. பிரீஸ்ட்லி அந்த வேலையை ஏற்றுக்கொண்டார். அங்கே இருந்தபோதுதான், 1774-இல், இன்று நாம் ஆக்சிஜன் என்று சொல்லும் வாயுவைப் பிரித்தெடுத்தார். அவர் அரைத்தாள் எழுதியிருந்தாலும் அந்த வரி அதில் இருந்திருக்காது. அந்தப் பெயரே அப்போது பிறக்கவில்லை. என் தாளிலும் எனக்கு ஏற்கெனவே தெரிந்தவை மட்டும்தான் இருந்தன.

அலுவலகத்தில் ஓர் அக்கா. முப்பத்தைந்து வயதுக்கு மேல் முதுகலை முடித்தவர். என் தாளைப் பார்த்துவிட்டு, "பாடத்திட்டத்தை விடு. அந்தப் படிப்பை முடிச்சு நாலு வருஷம் ஆனவங்க, செவ்வாய்க்கிழமை காலையில பத்து மணிக்கு என்ன பண்ணிட்டு இருக்காங்கன்னு கேளு" என்றார். ஏழு பேருக்கு எழுதினேன். நான்கு பேர் பதில் போட்டார்கள். மூன்று பேர் ஒரே விஷயத்தைப் புலம்பினார்கள்: நேரமெல்லாம் தரவைச் சுத்தம் செய்வதிலேயே போகிறதாம். ஒரே ஊரின் பெயர் ஐந்து விதமாக எழுதப்பட்டிருக்கும், தேதியும் மாதமும் இடம் மாறியிருக்கும், வயது என்ற இடத்தில் 199 இருக்கும். அவர்களுக்கு அது தலைவலி. எனக்கு அது எட்டு வருடப் பழக்கம்.

அப்புறம் ஆறு வாரச் சோதனை ஒன்று வைத்துக்கொண்டேன். அமெரிக்காவின் எம்.ஐ.டி பல்கலைக்கழகம் தன் பாடங்களை இணையத்தில் இலவசமாகத் திறந்துவிடப் போவதாக 2001-இல் அறிவித்தது. அதில் புள்ளியியலுக்கு அடிப்படையான நேரியல் இயற்கணிதம் இருக்கிறது. தினமும் காலை ஐந்தரையிலிருந்து ஏழு வரை. ஆறு வாரம் தாக்குப்பிடிக்க முடியாவிட்டால் இரண்டு வருடம் எங்கே முடியப்போகிறது?

மூன்றாவது வாரம் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தது. ஐந்தாவது வாரம் ஐகன் மதிப்புகள். ஒரு திசையனை, அதாவது திசையும் நீளமும் உள்ள ஓர் அம்பை, ஓர் அணியால், அதாவது எண்களை அடுக்கிய கட்டத்தால், பெருக்கினால் பொதுவாக அது வேறு பக்கம் திரும்பிவிடும்; சில திசையன்கள் மட்டும் தங்கள் கோட்டிலிருந்து விலகாமல் நீளும் அல்லது சுருங்கும். எவ்வளவு மடங்கு என்பதுதான் ஐகன் மதிப்பு. முதல் வரிசையில் 4, 1. இரண்டாம் வரிசையில் 2, 3. இந்தச் சின்ன அணிக்கு நாற்பது நிமிடம் மல்லுக்கட்டி 5, −2 என்று விடை எழுதினேன். அடுத்த பக்கத்தில் ஒரு குறிப்பு: மூலைவிட்ட எண்களின் கூட்டுத்தொகையும் ஐகன் மதிப்புகளின் கூட்டுத்தொகையும் சமமாக இருக்க வேண்டும். நான்கும் மூன்றும் ஏழு. என் விடையைக் கூட்டினால் மூன்று. எங்கோ ஒரு கழித்தல் குறியைத் தவறவிட்டிருக்கிறேன். சரியான விடை 5, 2. விடை தப்பு என்பதைவிட, தப்பைக் கண்டுபிடிக்க அந்தக் கணிதமே ஒரு சோதனையைக் கையில் கொடுக்கிறது என்பதில் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை வீட்டில் யாருக்கும் விளக்க முடியவில்லை.

பகுதிநேரம் என்று முடிவு செய்தேன். மூன்று வருடம் ஆகும், ஆகட்டும். மேலாளரிடம் சொன்னபோது, "படிச்சு முடிச்சதும் கிளம்பிடுவீங்களா?" என்று நேராகவே கேட்டார். "தெரியல சார்" என்றேன். நிறுவனம் கட்டணத்தில் பாதியைத் தருமாம். படிவத்தின் மூன்றாம் பக்கத்தில், படிப்பு முடிந்து இரண்டு வருடத்துக்குள் வேலையை விட்டால் முழுவதையும் திருப்பித் தர வேண்டும் என்று பொடி எழுத்தில் இருந்தது. மூன்றும் இரண்டும் ஐந்து வருடம். அந்தப் பாதிக் கட்டணத்துக்கு அது அதிக விலை என்று எனக்குத் தோன்றியது; கையெழுத்துப் போடவில்லை. அதற்குப் பதில் வாரத்தில் ஒருநாள் தரவுக் குழுவோடு உட்கார அனுமதி கேட்டேன். கிடைத்தது.

விண்ணப்பத்தோடு நோக்க அறிக்கை ஒன்றும் கேட்டார்கள். "சிறு வயதிலிருந்தே எண்கள்மீது எனக்கு ஆர்வம்" என்று தொடங்கினேன். பச்சைப் பொய், பள்ளியில் கணக்கு என்றாலே ஓடுவேன். அழித்துவிட்டு அந்தப் பிழை அட்டவணையிலிருந்து தொடங்கினேன்.

அனுப்பியாகிவிட்டது. பதில் வர எட்டு வாரம் ஆகுமாம். ஐந்தரை மணி அலாரத்தை இன்னும் எடுக்கவில்லை. இப்போது நிகழ்தகவு ஓடிக்கொண்டிருக்கிறது. நிபந்தனை நிகழ்தகவில் நான்கு நாளாக மாட்டிக்கொண்டிருக்கிறேன்.