முட்டிக்கு அடியில் தலையணை வைக்காதீர்கள்

அம்மாவுக்கு முட்டி மாற்று அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. காப்பீட்டு அட்டையிலும் சிக்கல் வரவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் கோட்டை விட்டோம்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் "பிசியோதெரபி தொடரவும்" என்று ஒரே வரி. என்ன பயிற்சி, எத்தனை தடவை என்று கேட்டதற்கு, "ரிவ்யூவில் சொல்வாங்க" என்றார்கள். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் "அசையாம படுங்க" என்றார்கள். வலிக்கிறதே என்று நானே முட்டிக்கு அடியில் தலையணையை மடித்து வைத்தேன். மூன்று வாரத்தில் கால் மடிந்தபடியே இறுகிவிட்டது. அம்மா விந்தி விந்தி நடந்தார்.

ஆட்டோ பிடித்து பிசியோதெரபி பிரிவுக்குப் போனோம். டிஸ்சார்ஜ் சம்மரியின் ஜெராக்ஸைப் பார்த்துவிட்டு, "ஒரிஜினல் எங்கேம்மா?" என்றார் கவுன்டரில் இருந்தவர். மறுநாள் ஒரிஜினலோடு போனால், எலும்பு டாக்டரின் சீட்டும் வேண்டுமாம். முதல் நாளே இரண்டையும் சொல்லியிருக்கலாம். காலை நீட்டவும் முடியாமல் மடக்கவும் முடியாமல் அம்மா பெஞ்சில் உட்கார்ந்திருந்ததை நினைத்தால் இன்னும் ஆத்திரமாக வருகிறது. நீங்கள் போகும்போது ஒரிஜினல், சீட்டு, எக்ஸ்ரே மூன்றையும் ஒரே பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது தடவை பிசியோதெரபிஸ்ட் அளந்து பார்த்தார். நேராக நீள இன்னும் 15 டிகிரி பாக்கி. மடங்குவது 70 வரைதான். "தலையணை வெச்சீங்களா?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வைத்து, முட்டியைக் கீழே அழுத்தி 5 எண்ணச் சொன்னார். அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்து குதிகாலைப் பின்னால் இழுக்க வேண்டும். "தாங்கலடி" என்று அம்மா அழுதார். டாக்டர் எழுதிய வலி மாத்திரையைப் போட்டு அரை மணி நேரம் கழித்துச் செய்ததும், முடிந்தபின் ஐஸ் வைத்ததும் கைகொடுத்தன.

2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருவார்கள். எங்களுக்கு இது தாமதமாகத்தான் தெரிந்தது. உங்கள் பகுதி சுகாதாரத் தன்னார்வலரிடம் கேளுங்கள். ஆனால் தினமும் செய்ய வைப்பது வீட்டில் இருப்பவர் பொறுப்புதான்.

ஆறாவது வாரம் ஒரு நாள், முட்டிக்கும் பாய்க்கும் நடுவே என் கை நுழையவில்லை. அவ்வளவு நேராகப் படிந்திருந்தது கால். இப்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படி ஏறுகிறார். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால் முதலில். அதை அவரே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு ஏறுகிறார்.