வெளியீட்டுக் குறிப்பை எப்போது எழுதுவது?

3 மார்ச் 2025, திங்கள்

வெள்ளிக்கிழமை மாலை 4.7 பதிப்பை வெளியிட்டோம். இன்று காலையிலேயே எங்கள் பைத்தான் நூலகத்தை (பிற நிரல்களில் சேர்த்துக்கொள்ளும் நிரல்தொகுப்பு) பயன்படுத்தும் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவிலிருந்து அழைப்பு வந்தது. ஏற்றுமதிக் கோப்பில் நாள்-மாதம்-ஆண்டு என்றிருந்த தேதி ஆண்டு-மாதம்-நாள் என்று மாறிவிட்டதால், அதைப் படிக்கும் அவர்களுடைய நிரல் பாதியில் நின்றுவிட்டது. இது நாங்கள் பல வாரம் பேசி முடிவெடுத்துச் செய்த மாற்றம். ஆனால் சேஞ்ச்லாகில், அதாவது பதிப்போடு தரும் மாற்றக் குறிப்பில், அதற்கென இருந்த ஒரே வரி, "ஏற்றுமதிப் பகுதி சீரமைப்பு" என்பதுதான். அதை எழுதியவன் நான். வெளியீட்டு நேரம் நெருங்கிய பிறகு, நிரலின் வரலாற்றைக் காக்கும் கிட் கருவியின் லாக் காட்டிய 86 கமிட்களை (மாற்றப் பதிவுகளை) மேலிருந்து கீழாகப் படித்து, நினைவில் நின்றதை வைத்து எழுதினேன்.

4 மார்ச், செவ்வாய்

பழைய தேதி வடிவத்தைத் திரும்பக் கொண்டுவந்து 4.8 வெளியிட்டோம். பழையதோடு ஒத்துப்போகாத மாற்றம் என்றால் பதிப்பின் முதல் எண் கூட வேண்டும் என்பது செமாண்டிக் வெர்ஷனிங் என்ற பதிப்பெண் முறையின் விதி. தவறி இரண்டாம் எண்ணோடு வெளியிட்டுவிட்டால், ஒத்திசைவை மீட்டு இன்னொரு பதிப்பு தரவேண்டும் என்றும் அதே ஆவணம் சொல்கிறது. தேதி மாற்றம் இனி 5.0-இல் வரும்.

6 மார்ச், வியாழன்

கமிட்டோடு எழுதும் செய்தியிலிருந்தே சேஞ்ச்லாக் பட்டியலை உருவாக்கிப் பார்க்கிறேன். கன்வென்ஷனல் கமிட்ஸ் முறையில் செய்தியின் தொடக்கத்தில் 'ஃபீட்' என்றிருந்தால் புதிய வசதி, 'ஃபிக்ஸ்' என்றிருந்தால் பிழைத் திருத்தம், 'பிரேக்கிங் சேஞ்ச்' என்று அடியில் குறித்திருந்தால் முதல் எண் மாறும். கிட்-கிளிஃப் என்ற கருவி கடைசி டேக்கிலிருந்து (பதிப்பைக் குறிக்கும் அடையாளம்) இன்றுவரை உள்ளவற்றை வகைபிரித்து அடுக்கித் தருகிறது. என் கணினியில் ஒழுங்காக வந்த பட்டியல், வேலைகளைத் தானாக இயக்கும் சேவையான கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் ஒரே வரியாக வந்தது. அரை நாள் தேடிய பிறகுதான் காரணம் தெரிந்தது: அங்கே நிரலை எடுத்துவரும் 'செக்அவுட்' கட்டம், வேறு சொல்லாவிட்டால், கடைசிக் கமிட்டை மட்டுமே இறக்குகிறது, வரலாறும் இல்லை, டேக்கும் இல்லை. முழு வரலாறும் வர, ஃபெட்ச்-டெப்த் மதிப்பை 0 என்று வைத்ததும் சரியானது.

10 மார்ச், திங்கள்

அந்தப் பட்டியலை அச்செடுத்து, பேனாவோடு உட்கார்ந்து படித்தேன். 'திருத்தங்கள்' என்ற தலைப்பின் கீழ் 31 வரிகள். அவற்றுள் ஒன்பது, இதே பதிப்புக்கான வேலையின்போது பிறந்து இதே வேலையிலேயே மறைந்த பிழைகளைப் பற்றியவை. பயனர் கண்ணில் அவை பட்டதே இல்லை. "தேதிச் சோதனை சரி", அதற்குக் கீழே "மறுபடியும் தேதிச் சோதனை". கமிட் செய்தி, நாளை அதே வரியைத் திருத்தப்போகும் சக நிரலருக்கு எழுதப்படுவது. அந்த வேலையை இவை நன்றாகவே செய்கின்றன. பதிப்பை மாற்றலாமா என்று யோசிக்கும் ஒருவருக்கு வேறு செய்தி தேவை. முன்னது பின்னதாகத் தானே மாறிவிடும் என்று எதிர்பார்த்தது என் பிழை.

13 மார்ச், வியாழன்

இந்தச் சிக்கலைப் பெரிய திட்டங்கள் எப்படித் தீர்த்தன என்று படித்தேன். பைத்தான் மொழியின் மூலத் திட்டமான சிபைத்தானில் ஒவ்வொரு மாற்றமும் 'மிஸ்க்/நியூஸ்' என்ற ஒரே கோப்பின் தலைப்பகுதியில் வரி சேர்க்க வேண்டியிருந்ததால், கிளைகளை இணைக்கும்போதெல்லாம் மெர்ஜ் மோதல் (ஒரே இடத்தில் இரு மாற்றங்கள் முட்டிக்கொள்வது) வரும். 2017-இல் பிளர்ப் என்ற கருவியைக் கொண்டுவந்து, ஒரு மாற்றத்துக்கு ஒரு சிறு கோப்பு என்று பிரித்துவிட்டார்கள். பைடெஸ்ட், பிப் போன்ற பைத்தான் திட்டங்கள் பயன்படுத்தும் டவுன்கிரையர் என்ற கருவியும் இதே வழிதான். நிரல் சேமிப்புத் தளமான கிட்லேப் இதற்கு எதிர்த்திசையில் போயிருக்கிறது: தனிக்கோப்பு முறையை விட்டுவிட்டு, கமிட் செய்தியின் அடியில் 'சேஞ்ச்லாக்:' என்ற வரியைச் சேர்க்கும் முறைக்கு மாறியது. எங்களுக்குத் தனிக்கோப்புதான் பொருந்தும் என்று முடிவு செய்தேன். கோப்பு என்றால் புல் ரிக்வெஸ்ட்டில் (மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லி அனுப்பும் கோரிக்கை) நிரலோடு சேர்ந்து வரும், வாசகம் சரியில்லை என்று மறுஆய்வில் சொல்லலாம், அதே இடத்தில் திருத்தலாம். கமிட் செய்தியைப் பின்னால் திருத்துவது வரலாற்றையே மாற்றி எழுதும் வேலை.

19 மார்ச், புதன்

டவுன்கிரையர் பொருத்தியாகிவிட்டது. குறிப்புக் கோப்பு இல்லாத புல் ரிக்வெஸ்ட்டை 'டவுன்கிரையர் செக்' நிறுத்திவிடும். எழுத்துப்பிழை திருத்துவதற்கும் கோப்பு வேண்டுமா என்று அணியில் கேட்டார்கள். அதற்கு 'மிஸ்க்' வகை இருக்கிறது, வெளியீட்டுக் குறிப்பில் அந்த மாற்றத்தின் எண் மட்டும் வரும்.

தேதி மாற்றத்துக்கான கோப்பை மூன்று முறை எழுதினோம். முதலில், "தேதி வடிவம் மேம்படுத்தப்பட்டது." பிறகு, "தேதி இனி ஆண்டு-மாதம்-நாள் வடிவில் வரும்." ஆதரவுப் பிரிவில் இருக்கும் தோழி இதைப் படித்துவிட்டு, "பழையபடியே வேணும்னா என்ன செய்யணும்னு எங்கிட்டதான கேப்பாங்க" என்றார். கடைசி வடிவம்: "ஏற்றுமதிக் கோப்பில் தேதி இனி ஆண்டு-மாதம்-நாள் வடிவில் வரும். பழைய வடிவம் தேவைப்படுவோர் தேதி வடிவ அமைப்பில் நாள்-மாதம்-ஆண்டு என்று குறிப்பிடவும்." அந்த அமைப்பு நூலகத்தில் முன்பே இருந்தது, அதைச் சொல்லத் தோன்றாமல் இருந்ததுதான் எனக்கு வருத்தம்.

28 மார்ச், வெள்ளி

5.0 வெளியானது. முந்தைய நாளே குறிப்பின் டிராஃப்ட் எடுத்து எல்லோரும் படித்துவிட்டதால், இன்று டவுன்கிரையரின் பில்ட் கட்டளை கோப்புகளைத் திரட்டி, வகைபிரித்து, தேதியிட்டு, சிறு கோப்புகளை நீக்கியதோடு என் வேலை முடிந்தது. கோர்ப்பதும் எண்ணிடுவதும் இணைப்புக் கொடுப்பதும் இனி என் கையில் இல்லை.

மாலையில் ஒரு வேலை மிச்சமிருந்தது. பழைய பதிப்புகளின் குறிப்பைப் பிறகு திருத்துவதில் தவறில்லை என்பதால், 4.7-க்கான பகுதியைத் திறந்து "ஏற்றுமதிப் பகுதி சீரமைப்பு" என்ற வரியை நீக்கி, தேதி வடிவம் மாறியதையும் 4.8-இல் அது திரும்பப் பெறப்பட்டதையும் எழுதி, புல் ரிக்வெஸ்ட் அனுப்பினேன். திங்கட்கிழமை மறுஆய்வு.