கீலை முதலில் வாங்குங்கள், பலகையை அப்புறம் அறுக்கலாம்

மரப்பெட்டி செய்கிறவர்களில் பலர் கீலைப் பற்றிக் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். பெட்டியை ஒட்டி, இழைத்து, உப்புத்தாள் போட்டு எல்லாம் முடித்த பிறகு, கைக்குக் கிடைத்த கீலை வைத்துப் பார்த்தால் ஒன்று தகடு பலகையைவிட அகலமாக இருக்கும், இல்லை ஸ்க்ரூ மறுபக்கம் எட்டிப் பார்க்கும். என்னைக் கேட்டால் பலகையின் கனத்தையே கீலை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். நடுக்கம்பியிலிருந்து தகட்டின் ஓரம் வரை 8 மி.மீ. இருந்தால் 12 மி.மீ. பலகை எடுங்கள், உள்பக்கம் 4 மி.மீ. மரம் மிஞ்சும், சின்னப் பெட்டிக்கு அது போதும்.

வாங்கும்போது கீலை விரித்துப் பிடித்து இரண்டு தகடுகளையும் ஆட்டிப் பாருங்கள். மெல்லிய தகட்டை வளைத்துச் செய்த மலிவான கீலில் கம்பி லொடலொடவென்று ஆடும், அங்கே இருக்கிற மயிரிழை ஆட்டம் மூடியின் முன்விளிம்பில் பல மடங்காகத் தெரியும். தகட்டில் ஒரு காந்தத்தையும் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அது பித்தளை இல்லை, முலாம் பூசிய இரும்பு.

சரி, கீலின் தகடு உட்காரும் பள்ளம். வேலையே இங்கேதான் இருக்கிறது. இரண்டு தகடுகளும் இணையாக நிற்கும்படி கீலை மூடிப் பிடித்து, ஒரு தகட்டின் வெளிமுகத்திலிருந்து கம்பியின் நடு வரை அளந்தால், அந்த அளவுதான் பெட்டியிலும் மூடியிலும் வெட்ட வேண்டிய ஆழம். ஆழம் கூடிவிட்டால் பின்பக்கத்தில் மரமும் மரமும் முதலில் முட்டிக்கொண்டு முன்பக்கம் வாயைத் திறந்தே நிற்கும், அதை அமுக்கி மூட மூட ஸ்க்ரூ தளர்ந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். தகட்டுக்கு அடியில் கனமான காகிதத்தை வெட்டி வைத்தால் இதைச் சரி செய்யலாம். ஆழம் குறைவாக இருந்தால் பின்பக்கம் இடைவெளி தெரியும், உளியால் இன்னொரு சீவல் எடுத்தால் தீர்ந்தது. அதனால் எப்போதும் கொஞ்சம் குறைவாகவே வெட்டத் தொடங்குங்கள்.

பென்சில் கோடு இதற்கு ஆகாது. கீலையே மரத்தில் வைத்து, கூரான கத்தியால் சுற்றிக் கீறுங்கள், உளியின் முனை அந்தக் கீறலில் தானாகப் போய் உட்காரும். மிஞ்சுகிற அந்த 4 மி.மீ. சுவர் பிளந்துவிடாமல் உள்பக்கம் ஒரு கட்டையை வைத்து கிளாம்ப் போட்டுக்கொள்ளுங்கள். மூடிக்குத் தனியாக அளக்கவே வேண்டாம். பெட்டியில் கீலைப் பொருத்தி, மூடியை அதன் இடத்தில் வைத்து, தகடு வருகிற இடத்தில் கத்தியால் அடையாளம் போட்டால் போதும், டேப்பைவிட அது துல்லியம்.

ஸ்க்ரூ எல்லாவற்றையும் ஒரேயடியாக முடுக்காதீர்கள். முதலில் தகட்டுக்கு ஒன்று, மூடித் திறந்து பார்த்து, மூடி ஒரு பக்கம் தள்ளி நின்றால் அதைக் கழற்றிவிட்டு மற்ற ஓட்டையில் திருத்திக்கொள்ளலாம். பித்தளை ஸ்க்ரூ மெத்தென்றது, கடின மரத்தில் நேரடியாக முடுக்கினால் தலை முறிந்து உடல் உள்ளேயே தங்கிவிடும், அதைத் தோண்டி எடுப்பது பெரிய பாடு. துளை போட்டு, அதே அளவு இரும்பு ஸ்க்ரூவில் மெழுகு தடவி முதலில் அதை முடுக்கி மரத்தில் மரை ஏற்றிவிடுங்கள்.

எல்லாம் சரியாக வந்த பிறகு கீலைக் கழற்றி வைத்துவிட்டுப் பாலிஷ் போடுங்கள். அது நன்றாகக் காய்ந்ததும் பித்தளை ஸ்க்ரூக்களை ஏற்றி, தலையில் இருக்கும் கோடுகள் எல்லாம் ஒரே திசையில் வரும்படி நிறுத்துங்கள். யாரும் கவனிக்க மாட்டார்கள் என்பார்கள், கவனிக்கிறார்கள்.