அம்மாயிக்கு வந்த ரெண்டு வரி

போன வாரம், கேரளத்தின் பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் என் ஜெராக்ஸ் கடைக்கு எங்கள் தெரு அம்மாயி ஒரு பழுப்புக் கவரோடு வந்தார். இன்னும் பிரிக்கக்கூட இல்லை. "அம்மிணி, படிச்சுச் சொல்லு. வீடு பாஸாயிருச்சா?"

பிரித்தால் ரெண்டே வரி, மலையாளத்தில். கேட்டது தனிநபர் தகவலாம், தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவின்படி தர முடியாதாம்.

வீட்டுத் திட்டப் பட்டியலில் இருந்த அவர் பெயரை இந்த வருஷம் காணவில்லை. யார் யாருக்கு வீடு கொடுத்தீர்கள், எந்த அடிப்படையில் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு நான்தான் மனு எழுதிக் கொடுத்தேன். கிராமசபையில் மைக் வைத்து வாசிக்கிற பெயர்கள் அவை. கேட்டால் மட்டும் எப்படி ரகசியமாகும்?

2005இல் வந்த அந்தத் தகவல் உரிமைச் சட்டத்தில் இந்தப் பிரிவுக்கு ஒரு வரம்பு இருந்தது. பொதுக் காரியத்தோடு ஒட்டாத சொந்த விஷயத்தையோ, தேவையில்லாமல் ஒருவர் அந்தரங்கத்தில் நுழைவதையோதான் மறுக்கலாம். சட்டசபைக்கு மறுக்க முடியாததை நமக்கும் மறுக்கக்கூடாது என்றும் இருந்தது. 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 44(3) பிரிவு அதையெல்லாம் எடுத்துவிட்டது. 2025 நவம்பரில் அமலுக்கும் வந்தாயிற்று. இப்போது 'தனிநபர் தகவல்' என்று எழுதினாலே மனு முடிந்துபோகிறது.

புட்டசாமி வழக்கில் 2017இல் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றபோது சந்தோஷப்பட்டவள் நான். ஆனால் அம்மாயியின் ஆதார் நகல் என் மெஷினிலேயே எத்தனை தடவை ஓடியிருக்கும்! பென்ஷனுக்கு, கேஸுக்கு, சிம் கார்டுக்கு. அதெல்லாம் எந்த மேசையில் கிடக்கிறதோ, கேட்க ஆளில்லை. அரசுப் பணத்தில் வீடு வாங்கியவர் பெயரை மட்டும் இப்படிப் பொத்திப் பொத்தி வைக்கிறார்கள்.

எனக்கு ஆறாத இன்னொன்று உண்டு. மனுவைத் தமிழில்தான் எழுதியிருந்தேன். 1969ஆம் வருஷத்துக் கேரள ஆட்சிமொழிச் சட்டத்தில் உள்ள விதி: எங்களைப் போன்ற மொழிச் சிறுபான்மைப் பகுதியில் தமிழில் எழுதினால் பதிலும் தமிழில் தர வேண்டும். அம்மாயிக்குத் தமிழ் எழுத்துக்கூட்டி வரும். அன்றைக்கு அந்தக் காகிதத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றார்.

தகவல் உரிமைச் சட்டத்தில் 8(2) பிரிவு இன்னும் இருக்கிறது. பொதுநலன் பெரிதென்றால் இப்படிப்பட்ட தகவலையும் கொடுக்கலாம். முதல் மேல்முறையீடு செய்ய 30 நாள் அவகாசம். நேற்று ராத்திரி அந்த 8(2)ஐப் பிடித்துத்தான் மேல்முறையீட்டை எழுதினேன். பதில் தமிழில் வேண்டும் என்பது முதல் வரி.