180 வரை

மார்ச் 3
அக்கா உள்ளே போய் 163 நாள். இன்று மனு, ஜெயிலில் அவளைப் பார்த்துப் பேசும் நாள். ஒன்றரை மணி நேரம் வரிசையில் நின்று, பேசியது பத்து நிமிடம்கூட இருக்காது. அக்காவுக்குக் கை நடுங்கவில்லை, அதைத்தான் முதலில் பார்த்தேன். உள்ளே போன புதிதில் ரிசீவரைப் பிடிக்க முடியாமல் நழுவவிட்டாள், வியர்த்துக் கொட்டியது, மூக்கு ஒழுகியது, மாத்திரை மாத்திரை என்றே புலம்பினாள். வலிக்கென்று அட்டை அட்டையாகக் கொண்டுவந்து பழக்கியதே அடித்த ஆள்தான். மாமா என்று எழுத வரவில்லை.

மார்ச் 5
22 கிலோ. கஞ்சா 20-ஐத் தாண்டினால் வணிக அளவாம், போதைப்பொருள் சட்டத்தின் 37-ஆவது பிரிவு வந்துவிடும், ஜாமீன் லேசில் கிடைக்காது. அந்த 2 கிலோ. கட்டிலுக்கடியில் சாக்கு இருந்தது அவளுக்குத் தெரியாதா என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. தெரியும். வாயைத் திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு அவளுடைய இடது காது இருக்கிறது, மனுவில் போனை வலது பக்கம்தான் வைக்கிறாள்.

மார்ச் 8
மகளிர் தினமாம். வாட்ஸப் முழுக்க ரோஜாப்பூ.

மார்ச் 11
171. பையனுக்கு 27-ஆம் தேதி 6 முடிகிறது. அதுவரைதான் அம்மாவோடு உள்ளே இருக்கலாம், 2006-லேயே உச்ச நீதிமன்றம் சொன்னதாம். யாராவது எண்ண ஆரம்பித்தால் ஓடிப்போய் வரிசையில் குந்திக்கொள்கிறானாம். இதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

அவனுக்குச் சோறு ஊட்டுவது ஒரு கொலைக் கேஸ் அம்மா. மகள்மேல் கை வைத்த புருஷனை அம்மிக் குழவியால். அந்த அம்மாவும் தூக்கத்தில் கத்துமாம், அக்காவும் கத்துவாளாம், யார் முழித்திருக்கிறார்களோ அவர்கள் மற்றவரை எழுப்பிவிட வேண்டும் என்று பேச்சு. நான் இன்று மிக்ஸியில்தான் அரைத்தேன்.

மார்ச் 14
180 நாளுக்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் உரிமை. சரி. ஆனால் அரசு வக்கீல் அறிக்கை கொடுத்தால் ஒரு வருடம்வரை நீட்டிக்கலாமாம்! இதை ஏன் சார் முன்னாடியே சொல்லவில்லை என்று எங்கள் வக்கீலிடம் கேட்டேன். “நீங்க கேக்கலையேம்மா.”

மார்ச் 16
பையனுக்குச் செருப்பு. அளவு தெரியாமல் இரண்டு ஜோடி.

மார்ச் 18
178. இன்னும் தாக்கல் ஆகவில்லை. 2 கிலோ, 2 கிலோ.

மார்ச் 19
செருப்பை வாசலில் எடுத்து வைத்தேன். அப்புறம் உள்ளே வைத்துவிட்டேன்.

மார்ச் 20
180. நாலு மணிவரை ஒன்றும் வரவில்லை, கோர்ட் மூட இன்னும் நேரம் இருக்கிறது என்கிறார் குமாஸ்தா. துணி ஊறிக்கொண்டிருக்கிறது, போனை விட்டு எழுந்திருக்க