காரணம் முன்னாலா, பின்னாலா?

தில்லியில் ஜேஎன்யூ, ஐஐடி, எய்ம்ஸ் என்று தமிழ்ப் பிள்ளைகள் பலர் ஆய்வு செய்கிறார்கள். அவர்கள் ஆங்கிலத்தில் எழுதும் தீசிஸ் டிராஃப்டில் கைடு அடிக்கோடிட்டு, ஓரத்தில் ‘அன்கிளியர்’ என்று எழுதித் திருப்பிக் கொடுக்கும் வாக்கியங்களைக் கொஞ்சம் உட்கார்ந்து பார்த்தால் ஒன்று தெரியும். பல இடங்களில் இலக்கணப் பிழையே இருக்காது. சொல் சரி, காலம் சரி, ஒருமை பன்மை சரி. துணைவாக்கியம் நிற்கிற இடம்தான் சரியிருக்காது.

‘பிகாஸ்’, ‘சின்ஸ்’, ‘வென்’, ‘இஃப்’, ‘ஆல்தோ’, ‘வைல்’ என்று தொடங்கி, ஏன், எப்போது, எந்த நிபந்தனையில் என்று சொல்லும் துணைவாக்கியத்தைத்தான் ஆங்கில இலக்கணத்தில் அட்வெர்பியல் கிளாஸ் என்கிறார்கள். தமிழில் இந்த வேலையை வினையெச்சமும் ‘-ஆல்’, ‘-ஆலும்’, ‘-போது’, ‘-பின்’ போன்றவையும் செய்கின்றன. தமிழ் உரைநடையில் இவை எல்லாமே வினைமுற்றுக்கு முன்னால் வந்துவிட வேண்டும். பேச்சில் “நான் வரலை, உடம்பு சரியில்லாததால” என்று பின்னால் ஒட்டிக்கொள்வோம்; எழுத்தில் அப்படி எழுத மாட்டோம். ஆங்கிலத்திலோ துணைவாக்கியத்துக்கு முன், பின் என்று இரண்டு இடம் உண்டு. எந்த இடத்தில் வைக்கிறோம் என்பதற்கே ஒரு பொருள் இருக்கிறது. தமிழிலேயே யோசித்துப் பழகிய கை, பின்னால் ஓர் இடம் காலியாக இருப்பதைக் கவனிக்காமல் எல்லாவற்றையும் முன்னாலேயே அடுக்கிவிடுகிறது.

நவம்பர் மாதத் தில்லிக் காற்றையே எடுத்துக்கொள்வோம். சுற்றுச்சூழல் துறையில் இப்படி ஒரு வாக்கியம் வரும்: “சின்ஸ் தி விண்ட் இஸ் வீக் இன் நவம்பர் அண்ட் ஆஸ் டெம்பரேச்சர் இன்வெர்ஷன் ஆக்கர்ஸ், வென் ஸ்டபிள் இஸ் பர்ன்ட் இன் பஞ்சாப் அண்ட் ஹரியானா, பிஎம் 2.5 இன் டெல்லி ரைசஸ்.” (‘ஸ்டபிள்’ என்றால் அறுவடைக்குப் பின் வயலில் நிற்கும் தாள்; ‘டெம்பரேச்சர் இன்வெர்ஷன்’ என்றால் குளிர்ந்த காற்று கீழேயும் சூடான காற்று மேலேயும் நிற்கும் நிலை; ‘பிஎம் 2.5’ என்றால் காற்றில் மிதக்கும் நுண்துகள்.) எழுதியவருக்கு இது தெளிவாகத்தான் இருக்கும், ஏனென்றால் தமிழில் இந்த வரிசை அப்படியே நிற்கும். ஆங்கிலம் படிப்பவர் நிலைமை வேறு. எழுவாய் வந்து சேர்வதற்குள் 20 சொற்கள் கடந்துவிடுகின்றன. அதுவரை மூன்று துணைவாக்கியங்களை எதில் மாட்டுவது என்று தெரியாமல் கையில் பிடித்துக்கொண்டிருக்கிறார். அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு: காற்று மந்தமாக இருப்பதற்கும் புகைக்கும் என்ன தொடர்பு என்பதை அந்த வாக்கியம் சொல்லவே இல்லை. எல்லாம் ஒரே வரிசையில் முன்னால் நிற்பதால் எது எதற்குக் காரணம் என்பது மறைந்துபோனது.

திருத்தும்போது முதலில் முதன்மை வாக்கியத்தைத் தனியாகப் பிடுங்கி எழுத வேண்டும்: பிஎம் 2.5 உயர்கிறது. அடுத்து, ‘எப்போது?’ என்ற கேள்விக்கான பதிலை அதன் பக்கத்தில் வைக்க வேண்டும். கடைசியாக, காரணம் உண்மையில் எதை விளக்குகிறது என்று கேட்க வேண்டும். புகை தரையை ஒட்டி நின்றுவிடுவதைத்தான் அது விளக்குகிறது. அந்தச் செய்தி பழைய வாக்கியத்தில் இல்லவே இல்லை, இப்போது சேர்க்கிறோம். “பிஎம் 2.5 இன் டெல்லி ரைசஸ் வென் ஸ்டபிள் இஸ் பர்ன்ட் இன் பஞ்சாப் அண்ட் ஹரியானா, பிகாஸ் வீக் விண்ட்ஸ் அண்ட் எ டெம்பரேச்சர் இன்வெர்ஷன் ஹோல்ட் தி ஸ்மோக் நியர் தி கிரவுண்ட்.” இப்போது காரணமும் விளைவும் கண்ணுக்குத் தெரிகின்றன.

இதற்காக எல்லாத் துணைவாக்கியங்களையும் பின்னால் தள்ளிவிடக் கூடாது. முந்தைய வாக்கியம் எதில் முடிந்தது என்று பாருங்கள். அது காற்றின் வேகத்தைப் பற்றிப் பேசி முடிந்திருந்தால், அடுத்தது “பிகாஸ் தி விண்ட் இஸ் வீக்” என்று தொடங்குவதே சரி. படிப்பவருக்குத் தெரிந்தது முன்னால், புதியது பின்னால். பூத்தொடுப்பதுபோல முந்தைய கண்ணியின் வாலில் அடுத்ததைக் கோக்க வேண்டும். பொதுவாக நிபந்தனை முன்னால் வரும். காரணமும் நோக்கமும் பெரும்பாலும் பின்னால் வரும். காலம் எங்கு வேண்டுமானாலும் நிற்கும். முன்னால் வந்தால் கமா போட வேண்டும், பின்னால் வந்தால் பொதுவாக வேண்டாம். ‘ஆல்தோ’வும் ‘வேர்ஆஸ்’ஸும் மட்டும் பின்னால் வந்தாலும் கமா கேட்கும்.

காரணத்தைக் கட்டாயம் முன்னால் கொண்டுவர வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. முதன்மை வாக்கியத்தில் ‘நாட்’ இருந்து, பின்னால் ‘பிகாஸ்’ வந்தால் பொருள் இரண்டாகப் பிளக்கும். “தி டெஸ்ட் வாஸ் நாட் ரிப்பீட்டட் பிகாஸ் தி ஃபில்டர் வாஸ் டாமேஜ்ட்” என்றால், ஃபில்டர் கிழிந்ததால் சோதனையை மறுபடி செய்யவில்லை என்றும் கொள்ளலாம். மறுபடி செய்தோம், ஆனால் ஃபில்டர் கிழிந்தது அதற்குக் காரணமில்லை என்றும் கொள்ளலாம். தமிழில் ‘கிழிந்ததால் செய்யவில்லை’, ‘கிழிந்ததால் செய்ததல்ல’ என்று இரண்டும் தாமாகவே பிரிந்து நிற்பதால், இந்தப் பொறி நம் கண்ணில் படுவதில்லை. ‘பிகாஸ்’ பகுதியை முன்னால் வைத்துக் கமா போட்டால் முதல் பொருள் மட்டுமே மிஞ்சும்.

‘ஏனெனில்’ இன்னொரு வகையில் காலை வாரும். தமிழில் ஒரு வாக்கியத்தை முடித்துவிட்டு, ‘ஏனெனில்’ என்று புதிய வாக்கியம் தொடங்கலாம். அதே பழக்கத்தில் “பிகாஸ் தி டெம்பரேச்சர் வாஸ் லோ.” என்று தனியாக ஒரு வரி எழுதி முற்றுப்புள்ளி வைக்கிறார்கள். ஆய்வு எழுத்தில் அது அரை வாக்கியம்தான். ‘வேர்ஆஸ்’ஸில் தொடங்கித் தனியாக நிற்கும் வரிக்கும் இதே கதி. முந்தைய வாக்கியத்தோடு இணையுங்கள். இல்லையென்றால் “திஸ் இஸ் பிகாஸ்” என்று முழுமையாக்குங்கள்.

காலச் சொற்களில் ‘வில்’ நுழைவதும் நம் மொழியின் வேலைதான். ‘வெப்பநிலை உயரும்போது’ என்பதில் உள்ள ‘உயரும்’ எதிர்காலம்போல் ஒலிப்பதால் “வென் தி டெம்பரேச்சர் வில் ரைஸ்” என்று கை எழுதிவிடுகிறது. ‘வென்’, ‘ஆஃப்டர்’, ‘பிஃபோர்’, ‘அன்டில்’, ‘இஃப்’ ஆகியவற்றின் துணைவாக்கியத்தில் எதிர்காலத்தைச் சொல்லவும் நிகழ்கால வினையே போதும்.

தில்லியில் இதோடு இந்தியும் வந்து சேர்கிறது. ‘வரை’ என்பதோடு ‘இல்லை’யையும் சேர்த்துச் சொல்வது இந்தி வழக்கு. லேபில் நாள் முழுக்கக் கேட்கும் அந்த ‘ஜப் தக் … நஹி’யின் பாதிப்பில், கரையும்வரை கலக்கினோம் என்பதை “ஸ்டர்ட் அன்டில் இட் டிட் நாட் டிசால்வ்” என்று எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் அது தலைகீழ்ப் பொருள் தரும். ‘அன்டில் இட் டிசால்வ்ட்’ என்பதே சரி. தமிழில் ‘கரையும்வரை’ என்று எதிர்மறை இல்லாமல்தானே சொல்கிறோம். இங்கே தமிழைப் பின்பற்றினாலே தப்பிக்கலாம். ‘ஹாலாங்கி … லேகின்’ என்பதைப் பார்த்து ‘ஆல்தோ … பட்’ என்று எழுதுவதும், ‘சூங்கி … இஸ்லியே’யைப் பார்த்து ‘சின்ஸ் … சோ’ என்று எழுதுவதும் இதே ரகம். ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியத்துக்கு இணைப்பு ஒன்றே போதும்.

அடுத்தது நான் மிகவும் முக்கியமாக நினைப்பது. ‘மழை பெய்து நெல் விளைந்தது’ என்கிறோம். பெய்தது மழை, விளைந்தது நெல். எழுவாய் வேறு வேறாக இருந்தும் நமக்கு உறுத்துவதில்லை. தொல்காப்பியச் சொல்லதிகாரம் இதில் கறாராகவே இருக்கிறது: செய்து, செய்யூ, செய்பு என்ற மூன்று எச்சங்களும் தம் வினைமுதலையே, அதாவது தம் எழுவாயையே, கொண்டு முடிய வேண்டும். ‘மழை பெய்ய’ என்பதே ‘பெய்து’ எனத் திரிந்து நின்றது என்று இலக்கணம் பிறகு அமைதி (விதிவிலக்குச் சமாதானம்) கூறுகிறது. ஆங்கிலத்தில் அந்த அமைதிக்கு இடமில்லை. எழுவாய் இல்லாத ‘-இங்’ தொடர் முன்னால் வந்தால், கமாவுக்குப் பின் வரும் எழுவாயே அந்த வேலையையும் செய்ததாகப் பொருள்.

“ஆஃப்டர் டிரையிங் ஃபார் 24 அவர்ஸ், தி ரிசர்ச்சர் வெய்ட் தி ஃபில்டர்ஸ்.” இந்த வாக்கியத்தின்படி 24 மணி நேரம் காய்ந்தது ஆய்வாளர். ‘24 மணி நேரம் காய்ந்தபின் ஆய்வாளர் ஃபில்டர்களை எடைபோட்டார்’ என்று தமிழில் சொன்னால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சோதிக்கும் வழி எளிது: ‘-இங்’ தொடரைப் பார்த்து ‘யார்?’ அல்லது ‘எது?’ என்று கேளுங்கள். கமாவுக்கு அடுத்த சொல்லே பதிலாக இருக்க வேண்டும். பதில் பொருந்தவில்லை என்றால், எழுவாயை உள்ளே கொண்டுவரலாம்: “ஆஃப்டர் தி ஃபில்டர்ஸ் ஹாட் டிரைட் ஃபார் 24 அவர்ஸ்”. அல்லது துணைவாக்கியத்தையே கலைத்துவிடலாம்: “தி ஃபில்டர்ஸ் வேர் டிரைட் ஃபார் 24 அவர்ஸ் அண்ட் வெய்ட்”. மெத்தட்ஸ் பகுதியில் இரண்டாவதுதான் எனக்குப் பிடிக்கும், சொல்லும் குறைகிறது. ‘யூசிங்’ மட்டும் அறிவியல் கட்டுரைகளில் கிட்டத்தட்ட ‘-ஆல்’, ‘-கொண்டு’ என்பதுபோலவே புழங்குவதால், “வேர் வெய்ட் யூசிங் எ மைக்ரோபேலன்ஸ்” என்று வினைக்குப் பின்னால் வைத்தால் பெரும்பாலும் யாரும் கேள்வி கேட்பதில்லை. முன்னால் வைத்தால் கண்டிப்பான ரெவ்யூவர் அடிப்பார்.

சொல் தேர்விலும் கவனம் வேண்டும். ‘சின்ஸ்’ காலமும் காட்டும், காரணமும் காட்டும். ‘வைல்’ காலமும் காட்டும், முரணும் காட்டும். “சின்ஸ் தி மெட்ரோ ஓப்பன்ட், பஸ் யூஸ் ஹாஸ் ஃபாலன்” என்றால் மெட்ரோ வந்தபிறகா, வந்ததாலா? உளவியல், கல்வியியல் துறைகளில் பின்பற்றப்படும் ஏபிஏ நடைக் கையேடு, குழப்பம் தவிர்க்க இந்த இரண்டையும் காலப் பொருளுக்கே வைத்துக்கொள்ளச் சொல்கிறது. காரணத்துக்கு ‘பிகாஸ்’, முரணுக்கு ‘வேர்ஆஸ்’ அல்லது ‘ஆல்தோ’. ‘ஆஸ்’ இன்னும் வழுக்கும். காரணத்துக்கு அதைத் தொடாமலிருப்பதே நல்லது. ‘டிஸ்பைட்’டுக்குப் பின் ‘ஆஃப்’ வராது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

‘ஆல்தோ’வை எங்கே வைப்பது என்பது டிஸ்கஷன் பகுதியில் உங்கள் வாதத்தின் பலத்தையே மாற்றும். “ஆல்தோ தி சாம்பிள் வாஸ் ஸ்மால், தி எஃபெக்ட் வாஸ் கிளியர்” என்றால் முடிவு நிமிர்ந்து நிற்கிறது. “தி எஃபெக்ட் வாஸ் கிளியர், ஆல்தோ தி சாம்பிள் வாஸ் ஸ்மால்” என்றால் படிப்பவர் மனதில் சிறிய மாதிரி என்பதுதான் கடைசியாகத் தங்கும். குறையை மறைக்காமல் சொல்ல வேண்டிய லிமிட்டேஷன்ஸ் பத்தியில் இரண்டாவதை எழுதுங்கள், கன்க்லூஷனில் முதலாவதை.

துணைவாக்கியங்கள் நிறைய இருந்தால்தான் ஆய்வு நடை என்று பலர் நம்புகிறார்கள். அமெரிக்க மொழியியலாளர்கள் டக்ளஸ் பைபரும் பெத்தனி கிரேயும் 2010இல் வெளியிட்ட கட்டுரை அதற்கு நேர்மாறாகக் காட்டியது: வினையோடு கூடிய துணைவாக்கியங்கள் பேச்சில்தான் அதிகம், ஆய்வு எழுத்து பெயர்ச்சொல் தொடர்களை அடுக்கிச் சுருங்குகிறது. “வென் தி சொல்யூஷன் வாஸ் ஹீட்டட்” என்பது “வென் ஹீட்டட்” ஆகும், பிறகு “ஆன் ஹீட்டிங்” ஆகும். முன்னே சொன்ன எழுவாய் விதி “வென் ஹீட்டட்”டுக்கும் பொருந்தும். அப்ஸ்ட்ராக்டில் சொல் எண்ணிக்கை இடிக்கும்போது இந்தச் சுருக்கம் கைகொடுக்கும். காரணத்தை மட்டும் இப்படிச் சுருக்காதீர்கள். ‘பிகாஸ் ஆஃப்’ போட்டு நான்கு பெயர்ச்சொற்களை அடுக்கினால் யார் எதைச் செய்ததால் என்பது தொலைந்துபோகும். “ஆஸ் ஷோன் இன் ஃபிகர் 2” என்பதில் ‘இட் இஸ்’ நுழைக்காதீர்கள். “ஆஸ் இட் இஸ் ஷோன்” என்றால் ‘காட்டப்பட்டிருப்பதால்’ என்று காரணமாகிவிடும்.

டிராஃப்ட் முடிந்ததும் டிஸ்கஷனில் ஒரு பக்கத்தை அச்செடுங்கள். முதன்மை வாக்கியங்களை மட்டும் பேனாவால் அடிக்கோடிட்டு, அந்தக் கோடுகளை மட்டும் வரிசையாகப் படியுங்கள். “இட் வாஸ் அப்சர்வ்ட்”, “இட் கேன் பி சீன்” என்பவை மட்டும் அடிக்கோட்டில் நின்று, நீங்கள் கண்டுபிடித்தது முழுக்கக் கோடு இல்லாத பகுதியில் கிடந்தால், அந்த வாக்கியங்களைப் புரட்டிப் போடுங்கள். “இட் வாஸ் அப்சர்வ்ட் தட் வென் தி டோஸ் வாஸ் டபுள்ட், தி ஃபீவர் ஃபெல்” என்பதில் “வென் தி டோஸ் வாஸ் டபுள்ட், தி ஃபீவர் ஃபெல்” என்ற எட்டுச் சொற்கள் போதும்.