ஒரு நிமிட வீடியோவுக்குக் கதை சொல்லிக்கொடுப்பது: கொழும்பு வகுப்பொன்றின் அனுபவம்

ரீல்ஸ், ஷோர்ட்ஸ், டிக்டொக் என்று செய்துகொண்டிருக்கிற பிள்ளைகளுக்கு ஸ்க்ரிப்ட் எழுதச் சொல்லிக்கொடுக்கலாமா, எங்கே தொடங்குவது என்று கொஞ்சக் காலமாகப் பலர் என்னிடம் கேட்கிறார்கள். வெள்ளவத்தையில் சனிக்கிழமைகளில் நான் நடத்துகிற சின்ன வகுப்பைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள்தான் அநேகம் பேர். அவர்களுக்காகவும், வகுப்பு ஒன்றும் கிடைக்காமல் தனியாக எழுதிப் பார்க்கிற தம்பி தங்கச்சிமாருக்காகவும் இதை எழுதுகிறேன்.

எடிட்டிங் பற்றிக் கவலைப்பட வேண்டாம். கெப்கட் என்கிற எடிட்டிங் செயலியைப் பதினைந்து வயதுப் பிள்ளை தானாகவே கற்றுக்கொள்கிறது. கதை அப்படி வருவதில்லை. அதற்கு நான் கண்ட வழி ஒன்றுதான்: முதலில் வாயால் சொல்ல வையுங்கள், அப்புறம் எழுத வையுங்கள், கமெராவை எல்லாவற்றுக்கும் கடைசியில் கையில் எடுக்க விடுங்கள்.

ஏன் என்றால், வெள்ளைத் தாளைக் கொடுத்து "ஸ்க்ரிப்ட் எழுதுங்கோ" என்று சொன்னால் வருவது பள்ளிக்கூடக் கட்டுரை. "வணக்கம் நண்பர்களே, இன்று நாம் பார்க்கப்போவது" என்று தொடங்கி, "ஆகவே நாம் அனைவரும்" என்று முடியும். பிள்ளைகளில் பிழை இல்லை, சாதாரண தரம் வரைக்கும் முன்னுரையும் முடிவுரையும் வைத்தால்தான் புள்ளி என்று நாங்கள்தான் பழக்கி வைத்திருக்கிறோம். அதே பிள்ளை இடைவேளையில் வடையும் தேநீருமாக நின்று, வரும் வழியில் நடந்த ஒன்றைக் கூட்டாளிக்குச் சொல்லும்போது பாருங்கள்: முன்னுரை கிடையாது, நேரே சம்பவத்துக்குள் இறங்கும், மற்ற ஆளின் குரலில் பேசிக் காட்டும், எந்த இடத்தில் நிறுத்தினால் எல்லாரும் சிரிப்பார்கள் என்று அதற்குத் தெரியும். கதை சொல்லத் தெரிந்த பிள்ளைதான். பேனை பிடித்ததும் கட்டுரை எழுத்து வந்து முன்னால் நின்றுவிடுகிறது.

அதனால் முதல் வகுப்பில் தாளே தருவதில்லை. இரண்டு இரண்டு பேராக இருத்தி, இந்தக் கிழமை நடந்த ஒன்றை ஒருவர் மற்றவருக்குச் சொல்ல வேண்டும். கேட்டவர் அதை எல்லாருக்கும் திருப்பிச் சொல்ல வேண்டும். திருப்பிச் சொல்லும்போது விட்டுப்போன பகுதிகளைக் கவனியுங்கள், அவற்றில் பாதி கதைக்குத் தேவையே இல்லாதவை என்று சொன்னவருக்கே விளங்கும். வீட்டுக்குப் போய் அதே கதையை ஒரு நண்பருக்கு வட்ஸ்அப்பில் வொய்ஸ் நோட்டாக அனுப்பச் சொல்வேன். அந்த வொய்ஸ் நோட்டை ஒரு சொல் மாற்றாமல் எழுதிக்கொண்டு வந்தால் அதுதான் முதல் வரைவு.

ஒரு உதாரணத்தை முழுதாகச் சொன்னால்தான் இது விளங்கும். உயர்தரம் படிக்க மட்டக்களப்பிலிருந்து வந்து உறவினர் வீட்டில் தங்கியிருக்கிற ஒரு பிள்ளை முதலில் எழுதிக்கொண்டு வந்தது 'கொழும்பு பஸ்களில் நடக்கும் அநியாயம்' என்ற தலைப்பில் ஒரு பேச்சு. கொண்டக்டர்மார் மிச்சக் காசு தருவதில்லை, இதற்கு அதிகாரிகள் நடவடிக்கை எடுக்க வேண்டும், அவ்வளவுதான். விஷயம் உண்மை, ஆனால் பார்க்க ஒன்றுமில்லை. "உங்களுக்கு நடந்ததா?" என்று கேட்டேன். நடந்ததாம். சரி, அதை மட்டும் சொல்லுங்கோ என்றதும் கதை வேறு மாதிரி வந்தது.

வெள்ளவத்தையில் 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறி நூறு ரூபாய்த் தாளைக் கொடுத்திருக்கிறாள். கொண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு மிச்சத்தைத் தராமல் முன்னுக்குப் போய்விட்டார். இவளுக்குச் சிங்களம் சரியாக வராது. பஸ் நிறையச் சனம். கேட்க வேண்டிய வசனத்தை மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்க்கிறாள். பம்பலப்பிட்டி வந்துவிட்டது, இனி இறங்க வேண்டும். துணிந்து, "ஐயே, இதுரு சல்லி..." (அண்ணே, மிச்சக் காசு...) என்று சிங்களத்தில் தொடங்கி, மிச்ச வசனம் வராமல் நிற்கிறாள். கொண்டக்டர் திரும்பிப் பார்த்து, காசை எண்ணிக் கையில் வைத்து, "இந்தாங்க தங்கச்சி, மறந்து போச்சு" என்கிறார். தமிழில்.

வகுப்பே கைதட்டியது. அவளுக்கு ஆச்சரியம், இதுவும் ஒரு வீடியோவா என்று.

நான் எந்தக் கதையிலும் கேட்கிற மூன்று கேள்விகள் இதில் தானாகவே விழுந்து கிடக்கின்றன. யாருக்கு என்ன வேண்டும்? மிச்சக் காசு. எது தடுக்கிறது? பாஷையும் சனக் கூட்டமும் வெட்கமும். கடைசியில் என்ன மாறியது? காசு கிடைத்தது என்பதை விட, பயப்பட்ட அளவுக்கு அந்த ஊர் அந்நியமாக இல்லை என்பது. இந்தக் கடைசி விஷயத்தை வசனமாகச் சொல்லவே கூடாது. அவளும் முதலில் "மொழி ஒரு தடை அல்ல" என்று முடிவில் எழுத்துப் போட விரும்பினாள். அந்த வரியைத் தாளில் விரலால் மறைத்துக்கொண்டு வாசிக்கச் சொன்னேன், வாசித்து முடித்ததும் அவளே வெட்டிவிட்டாள். கருத்துச் சொல்ல வேண்டும் என்ற அரிப்பு எங்கள் பிள்ளைகளுக்கு அதிகம். மறைத்து வாசிக்கிற இந்த வழி ஒவ்வொரு தடவையும் வேலை செய்கிறது.

எழுதும் தாளை நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரியுங்கள். இடப்பக்கம் கண்ணுக்குத் தெரிவது, வலப்பக்கம் காதுக்குக் கேட்பது. பஸ் கதையில் இடப்பக்கம் 'கையில் கசங்கிய டிக்கெட், உதடு அசைகிறது, சத்தம் இல்லை' என்று வந்தால் வலப்பக்கம் 'மனக்குரல்: ஐயே... இதுரு... சல்லி...' என்று வரும். எழுதி முடித்ததும் வலப்பக்கத்தை ஒரு கொப்பியால் மூடிவிட்டு மற்றவர்களுக்குக் காட்டுங்கள். கதை பாதியாவது விளங்க வேண்டும், ஏனென்றால் பஸ்ஸிலும் அலுவலகத்திலும் இருந்துகொண்டு சத்தத்தை நிறுத்திப் பார்க்கிறவர்கள் ஏராளம். இதே காரணத்துக்காகப் பேசுகிற வசனத்தைத் திரையில் எழுத்தாகவும் போட வேண்டும், எழுத்துப் பிழை இல்லாமல் போட வேண்டும். ல, ள, ழ பிழைத்த வீடியோவை நான் வகுப்பில் காட்ட விடுவதில்லை.

நீளத்தைப் பற்றிப் பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். யூடியூப் ஷோர்ட்ஸ் முன்பு 60 செக்கன், 2024 ஒக்டோபரிலிருந்து 3 நிமிடம் வரை போடலாம், இன்ஸ்டகிராம் ரீல்ஸும் 2025 ஜனவரியில் 3 நிமிடமானது. இடம் இருக்கிறது என்பதற்காக நிரப்ப வேண்டியதில்லை. பழகும் காலத்தில் 60 செக்கனுக்குள் நிற்கச் சொல்லுங்கள். சாதாரண வேகத்தில் பேசினால் எங்கள் பிள்ளைகள் நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 சொற்கள் பேசுகிறார்கள், படம் பேசுவதற்கும் இடம் விட வேண்டும் என்பதால் 70 சொற்களுக்கு மேல் எழுத நான் விடுவதில்லை. எண்ணிப் பார்க்கச் சொன்னால் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

அடுத்ததாக ஒரு பயிற்சி, இது எனக்கு மிகவும் பிடித்தது. சுமார் நூறு வருடங்களுக்கு முன்னால் ரஷ்யாவில் லெவ் குலஷோவ் என்ற திரைப்பட ஆசிரியர், ஒரு நடிகரின் அசையாத முகத்தை எடுத்து ஒரு தடவை சூப்புக் கோப்பையோடும், ஒரு தடவை சவப்பெட்டியோடும், ஒரு தடவை ஒரு பெண்ணோடும் ஒட்டிக் காட்டினார். பார்த்தவர்கள் அந்த ஒரே முகத்தில் பசியையும் துக்கத்தையும் ஆசையையும் கண்டார்கள் என்று சொல்வார்கள். இதைப் போனிலேயே செய்து பார்க்கலாம். ஒரு பிள்ளையின் முகத்தை நடிக்காமல் ஐந்து செக்கன் எடுங்கள். பிறகு ஆவி பறக்கும் கொத்து ரொட்டித் தட்டு, பரீட்சைப் பெறுபேறு திறந்திருக்கும் போன் திரை, ஆள் இல்லாத சாய்மனைக் கதிரை என்று மூன்றை எடுத்துத் தனித்தனியாக ஒட்டிப் போட்டுக் காட்டுங்கள். "அண்ணா, நான் ஒண்டுமே செய்யேல்லையே, இதில அழப்போற மாதிரி இருக்கு" என்று அந்தப் பிள்ளையே சொல்லும். அதற்குப் பிறகு 'அவள் மிகவும் கவலையாக இருந்தாள்' என்று ஸ்க்ரிப்டில் யாரும் எழுதுவதில்லை, அந்தக் கதிரையை எழுதுகிறார்கள்.

ஹூக் என்கிற முதல் மூன்று செக்கனைப் பற்றித்தான் இணையத்தில் எல்லாரும் வகுப்பெடுக்கிறார்கள். முக்கியம்தான், மறுக்கவில்லை, ஆனால் அதைக் கடைசியில் எழுத வையுங்கள். கதை இல்லாமல் முதலில் ஹூக் எழுதினால் "இதைப் பார்த்தால் அதிர்ந்து போவீர்கள்" என்ற ரகம்தான் வரும், அதிர ஒன்றும் இருக்காது. பஸ் கதைக்கு அவள் கடைசியில் எழுதிய தொடக்கம், உதடு அசையும் முகமும் "எனக்கு ஒரு வசனம்தான் சொல்ல வேணும்" என்ற குரலும். என்ன வசனம் என்று அறியாமல் யாரும் தட்டிவிட்டுப் போக மாட்டார்கள்.

பேச்சுத் தமிழ் விஷயத்தில் நான் கண்டிப்பானவன். சென்னை யூடியூபர்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் கமெராவைக் கண்டதும் அந்தக் குரலுக்கு மாறிவிடுகிறார்கள். அது அவர்களுக்கு அழகு, எங்களுக்கு எங்களுடையது இருக்கிறது. கொட்டாஞ்சேனைப் பிள்ளை கொட்டாஞ்சேனைப் பேச்சிலும், மலையகத்திலிருந்து வந்து புறக்கோட்டையில் வேலை செய்கிற தம்பி தன்னுடைய பேச்சிலும், வெள்ளவத்தையில் யாழ்ப்பாணத்து அம்மம்மா அவருடைய பேச்சிலும் பேசட்டும். அம்மம்மா வீட்டில் எப்படித் திட்டுவாரோ அப்படியே எழுதினால் நடிக்கவே தேவையில்லை.

படப்பிடிப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நிமிர்ந்த 9:16 சட்டத்தில் கீழ்ப்பகுதியைத் தலைப்பும் வலது ஓரத்தை லைக் பொத்தான்களும் மூடிவிடும், முகத்தை நடுவுக்குச் சற்று மேலே வையுங்கள். காலிமுகத்திடலில் படம் எவ்வளவு அழகாக வந்தாலும் காற்று குரலைத் தின்றுவிடும், அங்கே படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வசனத்தை வீட்டில், திரைச்சீலையும் தலையணையும் உள்ள அறையில், போனை வாய்க்குக் கிட்டப் பிடித்துப் பதிவு செய்யுங்கள். ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுப்பே வேண்டாம்: கடற்கரை ரயில் பாதையில் தண்டவாளத்தின் மேல் எடுத்த எந்த ஷொட்டும் வகுப்பில் ஏற்கப்படாது, எவ்வளவு நல்ல கதையாக இருந்தாலும். அதே போல், தெரியாதவர் முகத்தை அவரைக் கேட்காமல் போடக் கூடாது, பஸ் கதையில் கொண்டக்டராக வந்தது அந்தப் பிள்ளையின் மாமா. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்கள் என்றால் பெற்றோரிடம் கேட்டுவிட்டே பதிவேற்ற வேண்டும். பதின்மூன்று வயது ஆகாதவர்களுக்கு டிக்டொக்கும் இன்ஸ்டகிராமும் கணக்கு வைத்திருக்க அனுமதிப்பதில்லை, அவர்களுடைய வீடியோவை வகுப்பில் திரையிட்டால் போதும்.

வீடியோ போட்ட பிறகு பிள்ளைகள் வியூஸ் எண்ணிக்கையைத்தான் ஓடிப்போய்ப் பார்ப்பார்கள். 2025 மார்ச்சிலிருந்து ஷோர்ட்ஸ் ஓடத் தொடங்கினாலே யூடியூப் அதை ஒரு வியூ என்று கணக்கெடுக்கிறது, ஆகவே அந்த எண்ணை வைத்துக் கதை நல்லதா இல்லையா என்று சொல்ல முடியாது. அவர்களோடு உட்கார்ந்து, ஆட்கள் எந்தச் செக்கனில் விட்டுவிட்டுப் போனார்கள் என்று கோடு போட்டுக் காட்டுகிற வரைபடத்தைத் திறந்து பாருங்கள். கோடு சடாரென்று கீழே இறங்குகிற இடத்தில் எந்த வசனம் வருகிறது என்று ஸ்க்ரிப்ட் தாளில் தேடி, பென்சிலால் வட்டம் போட்டு, அடுத்த சனிக்கிழமை அந்த இடத்தை மட்டும் எழுதியவரே உரத்து வாசிக்கட்டும். அநேகமாக அங்கே ஒரு விளக்கம் இருக்கும். அதை வெட்டிவிட்டு மறுபடி எடுக்க அரை மணித்தியாலம் போதும்.